வாசித்தலும் சோதித்தலும்



வன்தட்டின் கட்டுப்படுத்திக்குக் கட்டளையிடும் மென்பொருள் செலுத்தி எனப்படும். லினக்ஸில் வழமையாக 30 செக்கன்களுக்குள் முடியாத கட்டளையைக் கைவிட முறைமை முயலும். அக்கட்டளைக்குரிய நினைவகப் பகுதி வேறு வேலைக்குக் கொடுக்கப்பட்ட பின்னர் கட்டுப்படுத்தி தாமதமாக அங்கே எழுதினால், அங்குள்ள தரவு பழுதாகும்.

இத்தகைய வழுவுக்கான திருத்தம் கையில் கிடைத்தால் நான் முதலில் அதனை வரிவரியாக வாசிப்பேன். அடுத்து, திருத்தப்படாத செலுத்தியில் அவ்வழுவை வேண்டுமென்றே தோற்றுவிப்பேன். பின்னர் திருத்தத்தைச் சேர்த்து அதே சோதனையை மீண்டும் மீண்டும் செய்வேன். முன்னர் தோன்றாத வழு பின்னரும் தோன்றவில்லை என்பது எதனையும் நிறுவாது அல்லவா?

லினக்ஸில் பரிசீலித்தவர் பெயர் ‘ரிவியூட்-பை’ எனவும், சோதித்தவர் பெயர் ‘டெஸ்டட்-பை’ எனவும் தனித்தனியே பதியப்படும். ஒன்று மற்றையதற்கு ஈடாகாது. முகமறியாத ஒருவர் பல வருடங்களாகச் சேர்த்த தரவு அப்பெயர்களை நம்பியே இருக்கிறது.

நீங்களும் சமன்பாட்டைத் தீர்த்ததும் செய்கைவழியை மீள வாசிப்பதோடு நின்றுவிடாதீர்கள். பெற்ற விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள். அதன் பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.