வினைமுற்றைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களும், அனுப்ப நினைப்பவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

ஓய்வு பெற்றபின் எனக்குத் தானாக வந்து சேர்ந்த வேலை ஒன்று உண்டு. டெல்லி வெளியுறவு அமைச்சகமோ, ஏதாவது ஒரு நாட்டில் இருக்கும் நம் தூதரகமோ ஓர் அறிவிப்பு போடும். நான் பார்த்தவரை எல்லாம் ஆங்கிலத்தில்தான். அது யார் யார் போனையோ சுற்றி, ஓரம் வெட்டுப்பட்டு, எழுத்து மங்கி என் வாட்ஸாப்புக்கு வரும். கீழே, "டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு?" என்று ஒரு வரி. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். ஆயுள் முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவள். ஆங்கிலத்தில் பெரிய புலமை இல்லை. அகராதி பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று பார்க்கத் தெரியும். இந்த அறிவிப்புகளைப் படிக்க அது போதும் என்பது என் அனுபவம்.

2022 பிப்ரவரியைச் சொல்கிறேன். என் நாத்தனார் பேத்தி உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் 15ஆம் தேதி கீவ் நகரத்து இந்தியத் தூதரகம் ஓர் அறிவிப்பு போட்டது. அங்கே தங்கியிருப்பது அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம் என்று அதில் இருந்தது. நாத்தனார் வீட்டில் எல்லோரும் அதைப் படித்துவிட்டு, "யோசிக்கலாம்னுதானே போட்டிருக்கான், கிளம்புன்னு சொல்லலியே" என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரி வகுப்பை நிறுத்தவில்லை, வருகைப் பதிவு போனால் அந்தப் பருவமே போகும் என்று பிள்ளைக்குப் பயம். விமான டிக்கெட் விலையோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

20ஆம் தேதி அடுத்தது வந்தது. இந்த முறை 'யோசிக்கலாம்' இல்லை. மாணவர்கள் அனைவரும் தற்காலிகமாக வெளியேறும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று இருந்தது. கிடைக்கிற விமானத்தில் போகலாம் என்றும் சேர்த்திருந்தார்கள். 22ஆம் தேதி மூன்றாவது. ஆன்லைன் வகுப்பு உண்டா என்று பல்கலைக்கழகம் உறுதி சொல்லும்வரை காத்திருக்காமல் வெளியேறுங்கள் என்றது அது. 24ஆம் தேதி விடியற்காலை போர். வான்வழியை மூடிவிட்டார்கள். மார்ச் 1ஆம் தேதி, கீவில் இருப்பவர்கள் இன்றே கிளம்புங்கள், ரயிலோ வேறு எதுவோ, கிடைத்ததில் ஏறுங்கள் என்றார்கள். 2ஆம் தேதி கார்கிவில் இருந்தவர்களுக்கு வந்ததை மறக்கவே முடியாது. எந்தச் சூழ்நிலையிலும் மாலை 6 மணிக்குள் பக்கத்தில் உள்ள மூன்று ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும்; வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள் என்றது. ஒவ்வோர் ஊரும் 11, 12, 16 கிலோமீட்டர் என்று தூரமும் போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளே, இந்த அறிவிப்புகளை வரிசையாக வைத்து வினைமுற்றை மட்டும் பாருங்கள். யோசிக்கலாம். அறிவுறுத்தப்படுகிறார்கள். காத்திருக்காமல் வெளியேறுங்கள். இன்றே கிளம்புங்கள். நடந்தாவது போங்கள். 'லாம்' விகுதியில் தொடங்கி ஏவலில் வந்து நின்றுவிட்டது, 15 நாளில்.

அரசாங்கம் ஏன் முதல் நாளே 'ஓடிவா' என்று எழுதுவதில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, "இங்கே போர் வரப்போகிறது" என்று தூதரகம் எழுத முடியாது. அந்த நாட்டுக்கு அது அவமானம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் விமான நிலையத்தில் குவிந்தாலும் சிக்கல். அதனால் சம்பந்தி வீட்டில் பேசுவதுபோல் இழுத்து மெதுவாகச் சொல்வார்கள். 'பார்த்து இருந்துக்கிட்டா நல்லது' என்று சம்பந்தி சொன்னால் நமக்குப் புரிகிறதல்லவா, அப்படித்தான் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாணவர்களை 'யோசிக்கலாம்' என்று ஒரு தூதரகம் சொல்லும் நாளில், அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன்பு உள்ளே எவ்வளவு பேசியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும்.

எங்கள் பிள்ளை அதிர்ஷ்டக்காரி. இருந்தது நாட்டின் மேற்குப் பக்கம். பஸ்ஸில் போய், பனியில் நடந்து, ருமேனியா எல்லையைத் தாண்டி ஆபரேஷன் கங்கா விமானத்தில் வந்தாள். அந்தத் திட்டத்தில் 22,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். நன்றி சொல்ல வேண்டியதற்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் 20ஆம் தேதி சொன்னதை அதிகாரிகள் 15ஆம் தேதியே சொல்லியிருக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். படிக்கப் போனது பிள்ளைகள்தான். ஆனால் 'வா', 'இரு' என்று முடிவு செய்தது இங்கே இருக்கும் தாத்தாக்களும் மாமாக்களும்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வருகிறது. அறிவுரை என்பது தடை இல்லை. 'அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கவும்' என்று போட்டிருந்தால், போகிறவரை விமான நிலையத்தில் யாரும் மறிக்க மாட்டார்கள். போனபிறகு வரும் கஷ்டம் அவரோடது. தடை என்றால் அது வேறு. ஏமனுக்கு இந்திய பாஸ்போர்ட்டில் போகக் கூடாது என்று 2017இல் உத்தரவே போட்டார்கள். அடுத்து, 'தூதரகத்தில் பதிவு செய்துகொள்ளவும்' என்ற வரி. வளைகுடாவில் விசா முடிந்தும் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கண்டாலே பயப்படுகிறார்கள், பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்று. நம் தூதரகம் அந்த நாட்டு போலீஸ் இல்லை. ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம், போன வருஷம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பையன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம். கல்விக்கடனுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு லாவோஸ் நாட்டில் 'கஸ்டமர் சப்போர்ட்' வேலை கிடைத்திருந்தது. சம்பளம் மாதம் 85,000. போனில் பத்து நிமிஷம் பேசினார்களாம், டைப்பிங் டெஸ்ட் ஒன்று வைத்தார்களாம். போகவர டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாங்காக்கில் இறங்கினால் ஆள் வந்து அழைத்துப் போவான். விசா போய் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம். "டீச்சர், நீங்க ஒரு வார்த்தை நல்லா போயிட்டு வான்னு சொல்லுங்க" என்றாள். ஆசீர்வாதம் வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

லாவோஸில் உள்ள நம் தூதரகம் போட்ட எச்சரிக்கை என் போனில் இருந்தது. அதை எடுத்து அவனையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எளிதான நேர்காணல், டைப்பிங் டெஸ்ட், அதிகச் சம்பளம், ஹோட்டல், போகவர டிக்கெட், விசா ஏற்பாடு. வரிசைகூட ஏறக்குறைய அதேதான். 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்', 'கஸ்டமர் சப்போர்ட் சர்வீஸ்' என்று வேலையின் பெயர் வரைக்கும் போட்டிருந்தது. தாய்லாந்திலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் 'தங்க முக்கோணம்' என்கிற பகுதியில் அடைத்துவைத்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் மற்றவர்களை ஏமாற்றுகிற வேலையை அடித்து வாங்குவார்கள். மியான்மரிலும் இதே கதைதான். அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே ஐ.டி. படித்த பிள்ளைகளுக்கென்று தனியாக எச்சரித்தது. அடுத்த மாதமே மியான்மரிலிருந்து மீட்கப்பட்டு வந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் அனுப்பி இரண்டே நாளில் 549 பேரைத் தாய்லாந்து வழியாகக் கொண்டுவந்தார்கள்.

பையன் கெட்டிக்காரன். நான் காட்டியதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "டீச்சர், ஏமாத்துறவன் நம்மகிட்ட காசு கேப்பான். இவங்க டிக்கெட்டுக்குக்கூட காசு கேக்கலையே" என்றான். நியாயமான கேள்வி. எனக்கும் ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு கேட்டேன்: "சந்தையில ஆடு வாங்கிட்டுப் போறவன், ஆட்டுக்கிட்டயா வண்டிக்கூலி கேக்கிறான்?" அவன் அம்மா முகத்தைப் பார்த்தபிறகு, அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அவன் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அடுத்து விசா. சுற்றுலா விசாவிலோ, இறங்கியதும் தருகிற விசாவிலோ வேலை பார்க்க முடியாது. அப்படி வருகிறவர்களுக்கு வேலை அனுமதி கொடுப்பதே இல்லை என்று தூதரகம் தெளிவாக எழுதியிருக்கிறது. 'முதல்ல டூரிஸ்ட்ல வா, அப்புறம் மாத்திக்கலாம்' என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

எனக்கு இதில் மனசு அடித்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கும். குடிபெயர்வு சோதனை தேவை என்று அர்த்தம். அவர்கள் சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். 10 லட்ச ரூபாய் இன்சூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். பத்தாவது தேறிவிட்டால் இந்தச் சோதனை எதுவும் கிடையாது, நேராகப் பறக்கலாம். படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் 1983 சட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு இது. ஏமாற்றுக்காரர்கள் இப்போது குறிவைப்பது யாரை? கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் டைப் அடிக்கத் தெரிந்த பட்டதாரியை. அவனை எந்த மேசையிலும் யாரும் நிறுத்தி, "எங்கே போறே, பேப்பரைக் காட்டு" என்று கேட்பதில்லை. மியான்மர், லாவோஸ், கம்போடியா மூன்றும் அந்த 18 நாடுகளிலேயே இல்லை. நாங்கள் பாடுபட்டுப் பத்தாவது தேறவைத்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

அந்தப் பையன் போகவில்லை. மூன்று வாரம் என்னோடு பேசவும் இல்லை. இப்போது ஓரகடத்தில் ஒப்பந்த வேலை, கையில் 17,000 வருகிறது. வங்கிக் கடிதம் இன்னும் வருகிறது என்று அவன் அம்மா சொன்னாள். 85,000க்கும் 17,000க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எந்த அறிவிப்பும் நிரப்பாது. அது தெரிந்துதான் ஏஜென்ட் அந்த வீட்டு வாசலுக்கு வருகிறான்.

சரியான ஏஜென்டும் உண்டு. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து லைசென்ஸ் எண் வாங்கியிருப்பார். விளம்பரத்தில் அந்த எண் இருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், ரசீதோடு. நம் ஊரில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று சர்வசாதாரணமாகக் கொடுக்கிறார்கள், அதுவும் டீக்கடையில் வைத்து. எண் உண்மையா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் 1800 11 3090க்குக் கூப்பிடுங்கள். அமைச்சகத்தின் உதவி மையம், காசு பிடிக்காது.

போன சனிக்கிழமை இன்னொரு பழைய மாணவி, தம்பியை சவூதிக்கு அனுப்புவதற்காக ஏஜென்ட் கொடுத்த கார்டைப் படம் எடுத்து அனுப்பினாள். லைசென்ஸ் எண் போட்டிருந்தது. தளத்தில் பார்த்தோம், எண் உண்மைதான். ஆனால் அது மும்பையில் உள்ள ஒரு நிறுவனத்துடையது. கார்டில் இருப்பதோ நம் பக்கத்து ஊர்க்காரர் பெயரும் போன் எண்ணும். மும்பை அலுவலக எண் அந்தத் தளத்திலேயே இருந்தது. "இந்த ஆள் உங்க ஆளா?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அன்று அலுவலகம் பூட்டியிருந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை, பத்து மணிக்குமேல் மறுபடி கூப்பிடுவாள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். சரி டீச்சர் என்றாள்.