மாரனெல்லோவில் கியர் விழவில்லை!

சிவகாசிக்குப் போய் தீப்பெட்டி இல்லாமல் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றேன். ஊர் மட்டும் வேறு. இத்தாலியில், மாரனெல்லோ. ஃபெராரி கார் பிறக்கிற ஊர். அந்த ஊர் நடுத்தெருவில், கியர் விழாத ஒரு காருக்குள், பின்னால் ஏழு வண்டிகள் ஹாரன் அடிக்க, நானும் என் கல்லூரி நண்பனும் அசடு வழிய உட்கார்ந்திருந்தோம்.

நண்பன் போலோன்யாவில் வேலை பார்க்கிறான். கார் அவனுடையது. சிவப்பு. செகண்ட் ஹாண்ட். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மூக்கில் குதிரையும் கிடையாது, காளையும் கிடையாது. ஆனால் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

"இப்ப என்னடா பண்றது?" என்றேன்.

"இறங்கித் தள்ளு மாப்ளே. நியூட்ரல்லதான் இருக்கு."

ஐம்பது கிலோமீட்டர் ராஜா மாதிரி வந்துவிட்டு, கடைசி இருநூறு மீட்டர் கூலியாள் மாதிரி தள்ளி, மியூசியம் பக்கத்தில் ஓரங்கட்டினோம்.

மாரனெல்லோ பெரிய ஊர் இல்லை. மோடெனாவிலிருந்து தெற்கே பதினெட்டு கிலோமீட்டர் போல. பின்னால் மலைச்சரிவு. என்ஸோ ஃபெராரி 1943-ல் தன் பட்டறையை மோடெனாவிலிருந்து இங்கே கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஊருக்கு வேறு பேச்சு கிடையாது. ஃபாக்டரி கேட்டுக்கு எதிரே, என்ஸோ சாப்பிட்ட 'கவல்லீனோ' ஹோட்டல். கொஞ்சம் தள்ளி 1972-ல் போட்ட ஃபியோரானோ சோதனை டிராக், சுமார் 3 கிலோமீட்டர். மியூசியம் இருக்கும் தெருவுக்கு, 1956-ல் 24 வயதில் இறந்துபோன என்ஸோவின் மகன் டினோவின் பெயர். பந்தயத்தில் ஃபெராரி ஜெயித்தால் சர்ச்சில் மணி அடிப்பார்கள். நம்ம ஊரில் கோயில் யானைக்கு உள்ள மரியாதை இங்கே இன்ஜினுக்கு.

இப்படிப்பட்ட ஊரில் நாங்கள் கார் தள்ளினோம். பார்த்த ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டாள்!

* * *

நண்பன் முகத்தில் ஈயாடவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வாரமாகவே டாஷ்போர்டில் பல்சக்கரம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. இன்ஜினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டியிருக்கிறான். கம்ப்யூட்டரைச் செருகினார்கள், சீட்டு வந்தது. 'கியர் பம்ப் போச்சு, சென்ஸார் போச்சு, 3,800 யூரோ' என்றார்கள்.

"டிசம்பர்ல நாலு பேரும் ஊருக்கு வர டிக்கெட்டுக்கு வெச்ச பணம் அது. அம்மாவைப் பாத்து மூணு வருஷமாச்சு. 'கார் வேணுமா, ஊர் வேணுமா, திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க'ன்னுட்டா உன் தங்கச்சி" என்றான்.

அன்று சனிக்கிழமை.

ஆபீஸ் சிநேகிதர் ஒருவரைப் போனில் பிடித்து, உள்ளூர் மெக்கானிக் ஒருவரின் நம்பர் வாங்கினான். அவர் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார். இத்தாலியில் மதியச் சாப்பாட்டைக் குறுக்கிட்டு யாரையும் கூப்பிட முடியாது. மியூசியத்துக்குள் நுழைந்தோம்.

பந்தயக் கார்கள் வரிசைக்கு முன்னால் நின்றபோது நண்பன் ஒரு கதை சொன்னான். 1989, மார்ச் 26. பிரேஸில் கிராண்ட் பிரீ. ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் ஃபெராரிக்கு ஒரு கார் வடிவமைத்திருந்தார். ஃபார்முலா ஒன்னில் முதன்முதலாக, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்றுகிற கார். சோதனை ஓட்டங்களில் படுத்துப் படுத்து எழுந்தது. ஓட்டுநர் நைஜல் மான்செல், 'எப்படியும் பாதியில் நின்றுவிடும்' என்று சீக்கிரமே கிளம்புகிற விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டாராம். கடைசியில் அவரே ஜெயித்தார்! ஆனால் அடுத்தடுத்த பந்தயங்களில் மறுபடி நின்றது. எல்லோரும் கியர்பாக்ஸைத் திட்டினார்கள். பிறகுதான் ஒரு காரணம் பிடிபட்டது. 12 சிலிண்டர் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் அதிர, ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்றுகொண்டிருந்தது. பெல்ட் போனால் கரண்ட் போச்சு. கரண்ட் போனால் கியர் எங்கே விழும்?

"அப்ப பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லு" என்றேன். சும்மாதான் சொன்னேன்.

* * *

மூன்று மணிக்கு வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். கையில் டூல் பாக்ஸ். லாப்டாப் பிற்பாடுதான் வந்தது. முதலில் டிரைவர் கதவைத் திறந்தார். சாத்தினார். திறந்தார். எங்கள் கல்யாணப் பந்தல் ஸ்பீக்கர்காரர் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டார்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி காரில் கிளட்ச் மிதி கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு காது. வலது காதை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். (இரண்டையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல். என் கணக்கு வாத்தியார் அப்படித்தான் செய்வார்.) உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை எண்ணெய் அழுத்தம் செய்கிறது, சுமார் 40, 50 பார். கார் டயரில் 2 பார்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தைத் தருவது ஒரு மின்சார பம்ப். கதவைத் திறந்ததுமே அது 'வ்ர்ர்ர்' என்று தயாராகிவிடும். எங்கள் கார் 'வ்ரூ...ஊ...' என்று இழுத்தது. கிழவர் படியேறுகிற சத்தம்.

"எப்போது அதிகம் தகராறு செய்கிறது?" பெரியவர் கேட்டார், நண்பன் மொழிபெயர்த்தான்.

"ராத்திரியில். மழையில்."

"லைட்டு, வைப்பர், ஹீட்டர் எல்லாம் போட்டிருக்கும்போது?"

நண்பன் யோசித்தான். "ஆமாம்!"

அப்புறம்தான் லாப்டாப். ஐந்து குறைகள் வந்தன. அழுத்தம் குறைவு, கியர் நிலை சென்ஸார், இன்னொன்று, P0700. கடைசியில் P0562. பெரியவர் கடைசியைத் தொட்டுக் காட்டினார். P0700 என்றால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஏதோ மனக்குறை' என்று மட்டும்தான் அர்த்தம். P0562 என்றால் வோல்டேஜ் குறைவு.

"ஸ்கேனர் யார் அழுகிறார்கள் என்று சொல்லும். யார் கிள்ளியது என்று சொல்லாது" என்றார்.

மீட்டரை எடுத்தார். பம்ப் ஓடும்போது பாட்டரியில் 12.2 வோல்ட். பம்ப்பில் 10.1. நான் பி.காம். எனக்குக் கார் தெரியாது, வரவு செலவு தெரியும். 12.2 வரவு, 10.1 பட்டுவாடா. நடுவில் 2.1 வோல்ட்டை யார் அமுக்கினார்கள்?

மீட்டரின் ஒரு முனையை பாட்டரி மைனஸிலும், மறு முனையை கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 2. திருடன் அகப்பட்டான்!

"மஸ்ஸா" என்றார். இத்தாலியில் எர்த்துக்கு அதுதான் பெயர். போகிற கரண்ட் சரியாகப் போகிறது, திரும்பி வருகிற வழியில் அடைப்பு. ஒரு ஜம்பர் கேபிளை பாட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கொடுத்து, குறைகளை அழித்துவிட்டு, கதவைத் திறந்தார்.

'வ்ர்ர்ர்!'

வாலிபம் திரும்பிவிட்டது. மஞ்சள் விளக்கும் வரவில்லை. கீழே படுத்து அவர் கழற்றி எடுத்தது ஒரு சாண் நீளப் பின்னல் பட்டை. வீட்டுப் பித்தளைக் குடத்தில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. நட்டுக்கு அடியில் பாதி இற்றுப்போயிருந்தது. புதுப் பட்டை 25 யூரோ, கூலி 60. ஆக 85.

நண்பன் நூறு யூரோ நோட்டை நீட்டி, மிச்சம் வேண்டாம் என்றான். பெரியவர் எண்ணிப் பதினைந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பியானோ, பியானோ" என்றார். மெதுவா ஓட்டு என்று அர்த்தம். மாரனெல்லோவில் இப்படிச் சொல்கிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்!

திரும்பும்போது லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாவற்றையும் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தோம். மழையே இல்லாமல் வைப்பர் ஆடியதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆறு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன.

நண்பன் வீட்டுக்குப் போன் போட்டான். "காரும் இருக்கு, ஊருக்கும் போறோம்" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தங்கச்சி குரல்:

"சரி, வர்ற வழியில பால் வாங்கிட்டு வாங்க."

அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் காலை நாலு டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.