கிணத்துக்குள்ள ஒரு பன்னம்

1861இல வெள்ளைக்காரர் சிங்கோனா வளர்க்கத் தொடங்கின ஹக்கல தோட்டத்தில இப்ப மரப்பன்னங்கள் நிக்குது. எங்கட ஊர் ஆக்கள் பார்த்தால் "இதென்ன, தென்னையோ?" எண்டுதான் கேப்பினம். உச்சியில குடைபோல விரிஞ்ச இலைகள், தண்டு முழுக்க உதிர்ந்த இலைகளின் தழும்பு. ஆனால் வைரம் ஏறாது. பூவும் இல்லை, காயும் இல்லை. இலைக்கு அடியில இருக்கிற வித்திகளால்தான் பரம்பும். (தமிழ்நாட்டில பன்னத்தைப் பெரணி எண்டு சொல்லுவினம்.)

இவ்வளவு உயரமான செடியும் ஒரு சொட்டு ஈரத்தில தங்கியிருக்குது. வித்தி முளைச்சால் நகமளவுகூட இல்லாத பச்சைத் தகடுதான் வரும். அதில ஆண் புணரி முட்டையை நோக்கி நீந்திப் போகவேணும். நீர்ப்படலம் இல்லையெண்டால் அடுத்த தலைமுறை இல்லை. முகில் மூடின மலையில அது நடக்கும். வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத எங்கட சுண்ணக்கல் மண்ணில?

கிணத்துக்குள்ள நடக்கும். பழைய கல்லுக்கட்டுக் கிணறுகளை எட்டிப் பாருங்கோ, வெயில் படாத பக்கத்தில சாணளவுப் பன்னங்கள் தொங்கும். நாங்களோ சீமெந்து பூசி மெழுகிறம். எங்கட கிணத்துக்கும் தை மாசம் பூச்சு எண்டு அப்பா சொல்லிப்போட்டார். ஒரு பக்கத்தையாவது விடச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறன்.