மலை வண்டியில் ஒரு வெள்ளோட்டம்

கால்கா என்னும் ஊரை நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் ரயில் மாறும் இடமாகவே அறிவார்கள். சிம்லா காணப் புறப்பட்டு வருகிறவர்கள், அகலப் பாதை வண்டியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் மலை ரயிலின் சிறிய பெட்டிகளில் ஏறிக்கொள்கிறார்கள். ஊர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே பயணச்சீட்டுக் கொடுத்துவரும் நாமோ ஊரை நன்றாகக் கண்டிருக்கிறோம். மேலே நிற்கும் மலையைத்தான் அவ்வளவாகக் கண்டதில்லை. விடுமுறை கிடைத்தால் குமாஸ்தாவின் கால் தெற்கே ஊரைப் பார்த்து ஓடுகிறதே யன்றி மலையை நோக்கித் திரும்புவதில்லை.

நம்மிடம் இருப்பது 125 சி.சி. மோட்டார் சைக்கிள். நிலையத்துக்கும் சந்தைக்கும் அது தாராளம். வீட்டம்மையாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பர்வானூவைத் தாண்டினால் மட்டும் அதற்கு மூச்சிரைக்கும். பின்னால் வருகிற லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிடுவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும். ஆகவே பெரிய வண்டி ஒன்று வாங்கலாமா என்ற யோசனை இரண்டு ஆண்டுகளாக வீட்டில் நடந்துவருகிறது. யோசனை என்று மரியாதைக்காகச் சொல்கிறோம். வழக்கு என்றால் இன்னும் பொருந்தும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைக்கும். அதை எதற்குச் செலவிடுவது என்பதே வழக்கு. தெற்கு ரயில்வேக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். சொந்த வேண்டுகோளின் பேரில் மண்டலம் மாறுகிறவர் பணிமூப்பில் கடைசி ஆளாகச் சேரவேண்டும் என்பது விதி என்பதை ரயில்வே அன்பர்கள் அறிவார்கள். பதவி உயர்வு தள்ளிப்போகும். அப்படி ஊர் போய்ச் சேரும் நாளில் கையில் நாலு காசு வேண்டாமா என்பது வீட்டம்மையாரின் வாதம். இமயத்தின் வாசற்படியில் இத்தனை ஆண்டு உட்கார்ந்துவிட்டு உள்ளே எட்டிப் பாராமலே திரும்புவதா என்பது நம் வாதம்.

இந்நிலையில், பஞ்ச்குலாவில் உள்ள விற்பனைக் கடை ஒன்றில், வாங்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலையில் தரம்பூர் வரை வண்டியை ஓட்டிப் பார்க்கலாம், கடை ஆள் ஒருவர் முன்னால் செல்வார், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளவும் தடையில்லை என்று கேள்விப்பட்டோம். கடை வாசலைச் சுற்றி வரும் பத்து நிமிஷ ஓட்டத்தில் மலை வண்டியின் குணம் தெரியாது. ஆகவே சென்ற பங்குனியில் ஒரு ஞாயிறன்று, மகளை அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டோம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரையே உடன் அழைத்துச் செல்வது நல்லது என்று பட்டது.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தார்ச்சாலையிலும் கல் கரட்டிலும் ஒன்றுபோல நெடுந்தூரம் போகத்தக்க பெரிய மோட்டார் சைக்கிள்களை அட்வென்ச்சர் வகை என்கிறார்கள். 1980-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டிதான் இவ்வகைக்கு வழிகாட்டி. மறு ஆண்டே பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் வரை நடந்த பாலைவனப் பந்தயத்தில் அது முதலாவதாக வந்தது; உலகம் திரும்பிப் பார்த்தது. அத்தகைய ஆயிரம் சி.சி. வண்டிகள் நம் நாட்டிலும் விற்கின்றன. அவற்றின் விலையைக் குமாஸ்தா கேட்பது அநாவசியம். நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ராயல் என்பீல்டு ஹிமாலயன். 2016-இல் வந்த முதல் ஹிமாலயன் 411 சி.சி.; காற்றிலும் எண்ணெயிலும் குளிரும் எஞ்சின். 2023 நவம்பரில் வந்த புதியது 452 சி.சி.; நீரால் குளிர்விக்கப்படுவது. பழையதன் ஆற்றல் சுமார் 24 குதிரைத் திறன், புதியதோ 40. கியர் ஐந்திலிருந்து ஆறாயிற்று.

பெயர்தான் இமயம், பிறப்பிடம் நம் சீமை. 1955-இல் இங்கிலாந்து என்பீல்டு நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கப்பட்ட தொழில் அது. திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் ஆலைகள் இருக்கின்றன. கடையில் வரிசையாக நின்ற வண்டிகளைக் கண்டதும் வீட்டம்மையார், "இவையும் நம்மைப் போலவே மாற்றலாகி வந்தவைதானா?" என்றார்.

உரிமத்தைக் காட்டி, உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு, தலைக்கவசம் அணிந்து வண்டியருகே சென்றோம். முதல் சோதனை அங்கேயே காத்திருந்தது. இருக்கையின் உயரம் 825 மில்லிமீட்டர். ஏறத்தாழ முப்பத்திரண்டரை அங்குலம். நம் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். ஏறி உட்கார்ந்தால் இரு பாதங்களும் முழுமையாக ஊன்றவில்லை. நுனிக்கால்தான் தரையில் பட்டது. எடை 196 கிலோ, அதாவது ஏறக்குறைய நான்கு அரிசி மூட்டை. நுனிக்காலில் நின்று நான்கு மூட்டையைத் தாங்குவது எப்படி? கடை இளைஞர் சிரித்துக்கொண்டே, "இரண்டு காலும் வேண்டாம், பாபுஜி. இடுப்பைச் சற்று நகர்த்தி இடது காலை மட்டும் ஊன்றுங்கள். வலது கால் பிரேக்கில் இருக்கட்டும்" என்றார். அவ்வாறே செய்ததும் வண்டி அடங்கி நின்றது. குட்டையானவர்களுக்கென்று தாழ்வான இருக்கையும் தனியே கிடைக்கிறதாம்.

பர்வானூ வரை சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. நேர்ச்சாலை, நிறையக் கார்கள். வண்டி உருண்டுவிட்டால் அந்த நான்கு மூட்டையும் எங்கே போயிற்று என்று தெரியாமல் மறைந்துவிடுகிறது என்பது மட்டும் விளங்கிற்று.

பர்வானூவில் அரியானா முடிந்து இமாசலப் பிரதேசம் தொடங்குகிறது. ஆப்பிள் சந்தையும் தொழிற்கூடங்களும் நிறைந்த ஊர். பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டிகள் சாலையிலிருந்தே தெரிகின்றன. அங்கிருந்து ஏற்றம். 1903-இல் திறக்கப்பட்ட நம் மலை ரயில், 656 மீட்டர் உயரத்திலுள்ள கால்காவிலிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டரை 102 சுரங்கங்கள் வழியே கடக்கிறது. மிகச் செங்குத்தான இடத்திலும் முப்பத்து மூன்று அடி சென்றால் ஓரடி ஏற்றம் என்ற அளவை அது மீறுவதில்லை. சாலைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நம் பழைய வண்டியில் இரண்டாம் கியருக்கு இறங்கி முனகும் வளைவுகளில் இது நான்காம் கியரிலேயே முணுமுணுப்பின்றி ஏறிற்று. லாரி ஒன்றைத் தாண்ட வேண்டியபோது விசையைச் சிறிது திருகினால் போதுமாயிருந்தது. பின்னாலிருந்து கேள்வி எதுவும் வராததை நல்ல சகுனமாகக் கொண்டோம்.

இந்தச் சாலையை நான்கு தடமாக அகலப்படுத்த மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய முகத்தில் செம்மண்ணும் உடைகல்லும் பச்சைப் புண்போலத் தெரிகின்றன. சக்கி மோட் என்ற வளைவை அடைந்தபோது இளைஞர் வேகத்தைக் குறைத்தார். 2023 ஆகஸ்டில் பெருமழையில் அங்கே சாலையே சரிந்து பள்ளத்தில் விழுந்தது. பல நாள் போக்குவரத்து நின்றது. அதே மாதம் 14-ஆம் தேதி சிம்லாவை அடுத்த சம்மர் ஹில்லில் மலை சரிந்து கோயிலில் இருந்த பலர் மாண்டனர். நம் ரயில் பாதையும் அடிமண் இழந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. சிம்லாவுக்குச் சீட்டுக் கேட்டு வந்தவர்களிடம் வண்டி இல்லை என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஞாபகம் வந்தது. இம்மலையில் வண்டி எவ்வளவு நல்லதாயினும் ஆடி ஆவணியில் அதைக் கொட்டகையில் வைத்திருப்பதே புத்தி என்பது நம் அபிப்பிராயம்.

தரம்பூரில் தேநீர் அருந்த நிறுத்தினோம். பராட்டாவுக்குப் பேர்போன ஊர். அந்நேரம் கால்காவிலிருந்து ஏறி வந்த காலை வண்டி ஒன்று வளைந்து வந்து நின்றது. அதில் வந்தவர்கள் நாம் சக ஊழியரிடம் விட்டுவந்த சாளரத்தில் சீட்டு வாங்கியவர்கள். ஜன்னல் வழியே அவர்கள் நம்மைப் பார்க்க, நாம் அவர்களைப் பார்த்தோம்.

தரம்பூரிலிருந்து கசௌலிக்குப் பிரியும் சாலை குறுகலானது. சனாவர் பக்கம் ஏற ஏறப் பைன் மரங்கள் அடர்கின்றன. காற்றில் குளிர் தட்டுகிறது. ஓரிடத்தில் இளைஞர் தார்ச்சாலையை விட்டுக் கற்கள் பரவிய கிளைப்பாதை ஒன்றைக் காட்டினார். வீட்டம்மையாரை இறங்கச் சொல்லிவிட்டுத் தனியே நுழைந்தோம். உண்மையான வெள்ளோட்டம் இங்கேதான். இவ்வண்டியின் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. பெரிய வளையம் கல்லில் மோதி நிற்பதில்லை. அதன்மேல் உருண்டு ஏறிவிடுகிறது. சக்கரங்கள் மேலும் கீழும் 200 மில்லிமீட்டர் ஆடுவதற்கு இடம் இருப்பதால் பள்ளத்தின் அதிர்ச்சி முதுகெலும்பு வரை வருவதில்லை. மிதியின்மேல் எழுந்து நின்று, முழங்காலால் பெட்ரோல் டாங்கியை அணைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார். முதலில் கூச்சமாக இருந்தது. சற்று நேரத்தில், வண்டி கீழே தன்பாட்டுக்குக் குதிக்க நாம் மேலே அசையாமல் செல்வதை உணர்ந்தோம். பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற பொறி இரு சக்கரங்களுக்கும் உண்டு. சரளைக் கல்லில் பின்சக்கரத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் அதைத் தொடாதிருப்பது நல்லது என்றார்.

"இப்போது இந்தச் சரிவிலேயே திருப்பிப் பாருங்கள், பாபுஜி. அதற்குப் பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்" என்றார். குறுகிய பாதை, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். ஓடும்போது மறைந்திருந்த நான்கு மூட்டையும் அந்தக் கணத்தில் திரும்பி வந்து தோளில் ஏறிக்கொண்டன. மேட்டுப் பக்கமாகக் காலை ஊன்றி, கிளட்சை அரையும் குறையுமாக விட்டு, முன்னும் பின்னும் மூன்று முறை நகர்த்தித் திருப்பி முடித்தபோது, அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது. இத்தகைய வண்டியை எண்பதில் ஓட்டிப் பார்த்து மயங்குகிறவர்கள், சரிவில் ஒருமுறை நிறுத்தித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுவது நலம். வேகத்தில் எல்லா வண்டியும் இலேசாகத்தான் இருக்கும்.

இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் பிடிப்பது ஆபத்து. சூடேறினால் பிடிப்புக் குறையும். மூன்றாம் கியரில் விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. அவசரத்தில் கியரைச் சட்டென்று இறக்கினாலும் பின்சக்கரம் துள்ளாதபடி கிளட்சில் ஏற்பாடு இருக்கிறது. இறங்கி வருகையில் முதன்முறையாகப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னங்க, அந்த மேல்மலையில் இன்னும் பனி இருக்கிறதே, அங்கே போகவும் இதே சாலைதானா?" இதே சாலைதான், சிம்லா, நார்க்கண்டா, ராம்பூர் என்று கின்னௌர் வரை நீள்கிறது. பதில் சொன்னோம், அதற்குமேல் வாதிக்கவில்லை.

மாலையில் கணக்கு நோட்டைத் திறந்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு நாற்பது. நூறு சி.சி. கூடியதற்காக அரசாங்கத்துக்குக் கொடுப்பது இரு மடங்குக்கு மேல். பதிவும் காப்பீடும் சேர்ந்தால் மூன்று லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது. மாற்றல் கிடைத்தால் வண்டியை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் விடை உண்டு. 2021 முதல் நடப்பில் உள்ள பி.எச். வரிசைப் பதிவை மத்திய அரசு ஊழியர் கேட்டுப் பெறலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரி கட்டிவந்தால், மாநிலம் மாறும்போது மறுபதிவு செய்து வேறு எண் வாங்க வேண்டியதில்லை. நம்மைப் போல் ஊர் ஊராக மாறுகிற அன்பர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

விடையில்லாத கேள்வி வேறொன்று. வீட்டில் மூவர். சட்டப்படி வண்டியில் இருவருக்கே இடம். மகளுக்கு ஏழு வயது. அன்று நாங்கள் திரும்பியதும் தலைக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த ஞாயிறு நான் உட்காருவேன், அம்மா ரயிலில் வரட்டும்" என்று அவளே இட ஒதுக்கீடு செய்துவிட்டாள்.

கடை இளைஞர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். மூன்றாம் முறை அழைத்தபோது என்ன சொல்வது என்று வீட்டம்மையாரிடம் கேட்டோம். அடுப்பைப் பார்த்தபடியே, "மாற்றல் உத்தரவு என்ன ஆகிறது என்று தெரியட்டும், அதுவரை பொறுக்கச் சொல்லுங்க. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க" என்றார்.