பணக்காரச் சொந்தம்

மேடையில் நான் சொன்ன பொய்களில் அதிகம் கைதட்டல் வாங்கியது இது: கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது. பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, நூல் வெளியீடு என்று மைக் கிடைத்த இடமெல்லாம் சொன்னேன். கொரியக் குழந்தையும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறது. ‘நான்’ அங்கே ‘நா’. ‘நீ’ அங்கேயும் ‘நீ’. புல்லுக்குப் ‘புல்’, நாளுக்கு ‘நால்’. இவ்வளவு போதும், அரங்கம் அதிரும். தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

என் குறிப்பேட்டில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒலியும் பொருளும் ஒத்த சொற்கள் ஒன்றில். ஒலி மட்டும் ஒத்து, பொருள் எங்கோ போய்விட்ட சொற்கள் மற்றதில். கொரியாவில் ‘நரி’ என்றால் லில்லிப் பூ. ‘பல்லி’ என்றால் சீக்கிரம். ‘முல்’ தண்ணீர், ‘கல்’ கத்தி, ‘பல்’ கை, ‘நாயி’ வயது, ‘ஆனி’ இல்லை. இந்த இரண்டாவது பட்டியல்தான் நீளம். அதை ஒரு மேடைக்கும் நான் எடுத்துப் போனதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் ஆலை வந்தபின் சென்னையில் கொரியர்களுக்கா பஞ்சம்? ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு கெட்டுவிடும் என்று கேட்கவில்லை.

முதல் பட்டியலைச் சேர்த்த விதத்திலும் திருட்டுத்தனம் உண்டு. கொரிய எழுத்து குறில் நெடிலைக் காட்டாது. ஆகவே எனக்கு வசதிப்பட்ட இடத்தில் நீட்டினேன், வசதிப்பட்ட இடத்தில் குறுக்கினேன். நமக்கு ல, ள, ழ என்று மூன்று, அவர்களுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை மூன்றில் எதோடு வேண்டுமானாலும் பொருத்திக்கொண்டேன். ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களை இப்படி வளைத்தால் உலகத்தில் எந்த இரண்டு மொழிக்கும் உறவு கட்டிவிடலாம். சில சொற்கள் ஒத்துப்போவதில் அதிசயமில்லை. ஒன்றுகூட ஒத்துப்போகாவிட்டால்தான் அதிசயம்.

சிக்கினவை பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ‘அப்பா’வை முதலில் விட்டிருக்க வேண்டும். குழந்தைக்கு எளிதில் வரும் இதழொலிகளைப் பெற்றோர் தங்கள் பெயராக்கிக்கொள்வது உலக வழக்கம். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. அதை வைத்து நாம் உறவு கொண்டாட முடியுமா? ‘நீ’யின் கதை இன்னும் சங்கடம். கொரியனில் அது உண்மையில் ‘நொ’. எழுவாயாக வரும்போது எழுத்தில் வேறாக இருக்கும் ‘நீ’யும் ‘நானும்’ இன்றைய பேச்சில் ஒரே ஒலியாகி, இரண்டுமே ‘நேகா’ என்று கேட்கின்றன. குழப்பம் வேண்டாமென்று ‘நீ’யை ‘நீகா’ என்கிறார்கள். அந்தப் பேச்சு வழக்கைப் பிடித்துக்கொண்டு ஆதித் தமிழ் என்று முழங்கினேன்.

‘புல்’தான் என்னைக் கவிழ்த்தது. கொரியர்களின் ஹங்குல் எழுத்து 1446இல் அறிவிக்கப்பட்டது. அக்காலத்து நூல்களில் அந்தச் சொல்லில் உகரமே இல்லை. நம் குற்றியலுகரம் போல இதழ் குவியாத வேறோர் உயிர் இருக்கிறது. அதாவது, பின்னோக்கிப் போகப் போக அது நம் புல்லை விட்டு விலகுகிறது. உறவு மொழியென்றால் பின்னே போகும்போது நெருங்க வேண்டும்.

நெருங்குவது எப்படியிருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே கன்னடம் இருந்தது. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. கேட்கும்போது வேறுமாதிரி இருக்கிறது. ஆனால் சொல்லுக்குச் சொல் பகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஹகரம். பழங்கன்னடத்துக்குப் போனால் அங்கேயும் பகரமே. இந்த ஒழுங்குதான் சாட்சி. ஒலி ஒற்றுமை சாட்சியல்ல. தென்னக மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இலும், விரிவாகக் கால்டுவெல் 1856இலும் காட்டியது இந்த மாதிரி முறையான ஒப்பீட்டால்தான். இரண்டு பேர் பெயரையும் நான் மேடையில் உச்சரித்திருக்கிறேன், முறையை மட்டும் விட்டுவிட்டு. கொரியனைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு 1905இல் புத்தகம் போட்ட ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியாரைத்தான் கேடயமாகப் பிடித்தேன். ‘வெள்ளைக்காரரே சொல்லிவிட்டார்’ என்பேன். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்ற மறுபாதியை விழுங்கிவிடுவேன்.

ஏன் இப்படிச் செய்தேன்? தமிழ்ப் பற்று என்று சொன்னால் இன்னொரு பொய். பலுசிஸ்தானில் பிராகுயி என்றொரு மொழி பேசுகிறார்கள், தமிழுக்கு உண்மையான சொந்தம். கல்லுக்கு ‘ஃகல்’, கண்ணுக்கு ‘ஃகன்’. தொண்டையில் உரசி வரும் ககரம். செவிக்கு ‘ஃகஃப்’. அது ஒட்டவில்லையே என்று தோன்றலாம். கன்னடத்தில் செவி ‘கிவி’ என்பதை நினைத்தால் ஒட்டும். முதலில் இருந்த ககரம் தமிழில்தான் சகரமானது. இரண்டு ‘இரட்’, மூன்று ‘முசிட்’. நான்கிலிருந்து ஈரானிய எண்களைக் கடன் வாங்கிவிட்டார்கள், மூன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஜார்க்கண்டிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் ஓராவோன் மக்கள் பேசும் குடுக் மொழியிலும் கண் ‘ஃகன்’தான். இவையெல்லாம் அகராதியிலேயே எனக்குக் கிடைத்தவை. ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

கொரியாவிடம் காரும் கைப்பேசியும் டிவி தொடரும் இருந்தன. பிராகுயிக்காரர் பாரம்பரியமாக ஆடு மேய்ப்பவர். ஓராவோன் கொழுந்து பறிப்பவர். கல்யாண வீட்டில் ஏழைப் பெரியப்பாவைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்துவிட்டு, வழியே போகும் பணக்காரரைச் சித்தப்பா என்று கைப்பிடித்து அழைத்து வருவார்களே, அந்த ஆள் நான். தமிழ் உயர்ந்தது என்று முழங்கியவனுக்கு, பணக்கார நாடு ஒன்று சொந்தம் கொண்டாடினால்தான் அது உயரும் என்ற சந்தேகம் உள்ளுக்குள் இருந்திருக்கிறது.

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் கொரியனை விட்டுவிட்டு பிராகுயியைப் பேசினேன். கூட்டம் மரியாதையாகக் கேட்டது, யாரும் கைதட்டவில்லை. அப்போது ‘அப்பா, நீ, புல்’ என்று தொடங்கிவிடலாமா என்று நாக்கு ஊறியது. தொடங்கவில்லை. ஆனால் ஊறியது.