பணம் பதினொன்றும் செய்யுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

'பணம் பத்தும் செய்யும்' என்பது நம் பெரியோர் வாக்கு. பத்தும் செய்யும் பணம் பதினொன்றும் செய்யுமா? அதாவது, பதினொரு ஆட்டக்காரர்களைப் பணம் கொட்டி வாங்கிவிட்டால் ஐரோப்பாவின் பெருங்கோப்பை கைக்கு வந்துவிடுமா? எங்கள் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பட்டிமன்றங்களில் இதற்கு ஈடான தலைப்பு வேறில்லை எனலாம்.

எங்களில் ஒருவரும் மாட்ரிட் நகரையோ மான்செஸ்டர் நகரையோ கண்டவரல்லர். ஆயினும் ரியல் மாட்ரிட் தோற்ற மறுநாள் இட்லியைத் தொடாத நண்பர் ஒருவர் உண்டு. "உங்க கோப்பை காசு கொடுத்து வாங்கின கோப்பை" என்று ஒருவர் தொடங்குவார். "உங்க ஆளுங்க மட்டும் சும்மாவா ஆடுறாங்க?" என்று இன்னொருவர் எழுவார். பிறருடைய கிளப்பின் கணக்கைத் தணிக்கை செய்ய எல்லோரும் ஆயத்தம். தம் கிளப்பின் கணக்கைத் திறக்க ஒருவரும் ஆயத்தமில்லை. நான் கணக்கு மாணவன் என்பதால் நடுவர் நாற்காலி என் பங்குக்கு வந்தது.

'பணமே செய்யும்' என்ற அணியின் வாதம் வலுவானது. 1986 முதல் 1991 வரையிலான ஆறு ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர்களைப் பாருங்கள். ருமேனியாவின் ஸ்டீவா, போர்ச்சுகலின் போர்ட்டோ, நெதர்லாந்தின் பி.எஸ்.வி., இத்தாலியின் மிலான் இரு முறை, யுகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார். ஆறில் நான்கு கோப்பைகள் இன்று நாம் சிறியவை என்று கருதும் நாடுகளுக்குச் சென்றன. 1992-ல் அப்போட்டி சாம்பியன்ஸ் லீக் ஆயிற்று. தொலைக்காட்சிப் பணம் பெருகியது. 1995 டிசம்பரில் போஸ்மான் வழக்கின் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விலையின்றி வேறு கிளப்புக்குச் செல்லலாம்; ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்களை இத்தனை பேர்தான் சேர்க்கலாம் என்ற வரம்பும் நீங்கியது. தொழிலாளிக்கு அது விடுதலை. ஆனால் பணக்காரக் கிளப்புகளுக்கும் கதவு திறந்தது. 1996 முதல் 2025 வரை நடந்த முப்பது இறுதியாட்டங்களில் ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுக்கு வெளியே கோப்பை சென்றது ஒரே முறை: 2004-ல் போர்ட்டோ. முப்பதில் ஒன்று!

எதிரணி சளைக்கவில்லை. "நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டை மறந்தீரோ?" என்றார் ஒரு நண்பர். 1977-ல்தான் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த கிளப் அது. 1978-ல் நாட்டின் சாம்பியன். 1979-லும் 1980-லும் ஐரோப்பாவின் சாம்பியன். கைதட்டல் எழுந்தது. "1979 இறுதியாட்டத்தில் அந்த ஒரு கோலை அடித்தவர் டிரெவர் ஃபிரான்சிஸ். பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் அவர்தான், தெரியுமா?" என்றது முதல் அணி. எழுந்த நண்பர் அமர்ந்துவிட்டார்.

பாரிஸ் சான் ஜெர்மேன் கதையை இரு அணியும் தமக்கே சொந்தம் என்றன. 2011-ல் கத்தார் நாட்டின் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. 2017-ல் நெய்மார் ஒருவருக்கு மட்டும் 22 கோடியே 20 லட்சம் யூரோ. நம் பணத்தில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல். 2021-ல் மெஸ்ஸியும் வந்தார். கோப்பை வரவில்லை. 2023-ல் நெய்மாரும் மெஸ்ஸியும், 2024-ல் எம்பாப்பேயும் விலகினர். 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5–0 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். 19 வயது டூவே இரண்டு கோல் அடித்தார். "நட்சத்திரங்கள் போனார்கள், கோப்பை வந்தது" என்றது ஓர் அணி. "அந்த இளைஞர்களையும் விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள்?" என்றது மற்றது.

நிற்க. அந்த இறுதியாட்டத்தை நான் கோடை விடுமுறையில் வீட்டில் பார்த்தேன். நம் நேரப்படி நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கிய ஆட்டம். முடியும் தறுவாயில் அப்பா எழுந்துவிட்டார். அவர் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். லாரிகள் வரும் முன் அங்கிருக்க வேண்டும். என்ன பார்க்கிறாய் என்றார். பாரிஸ் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். 1,600 கோடி என்றதும் வாய் பிளப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை உதறித் தலையில் கட்டியபடி, "அந்தக் கம்பெனிக்கு வரும்படி எவ்வளவுப்பா?" என்றார். சைக்கிளை வெளியே எடுத்தவர் திரும்பி, "செயிக்கலைன்னா யாரு கட்டறது?" என்றும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எங்கள் விடுதியில் இரண்டு அணியும் எத்தனையோ இரவுகள் வாதாடியும் இந்த இரு கேள்விகளையும் ஒருவரும் கேட்டதில்லை.

முதல் கேள்வியை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பே கேட்கத் தொடங்கியிருக்கிறது. வரவுக்கு மேல் செலவு செய்யாதே என்ற விதியை 2009-ல் ஏற்று, 2011 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2022-ல் விதியை மாற்றி எழுதி, சம்பளம், ஆட்டக்காரர் விலை, தரகர் கூலி மூன்றும் சேர்ந்து வருமானத்தில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டலாகாது என்று படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. நல்ல விதிதான். ஆயினும் கணக்கு மாணவனுக்கு ஓர் ஐயம். நூறு சம்பாதிப்பவர் எழுபது செலவிடலாம். பத்து சம்பாதிப்பவர் ஏழுதான் செலவிடலாம். 2023–24-ல் ரியல் மாட்ரிட்டின் ஆண்டு வருமானம் நூறு கோடி யூரோவைத் தாண்டியது. வேறெந்தக் கிளப்பும் அதற்குமுன் அதை எட்டியதில்லை. விதி ஏழையைக் கடனிலிருந்து காக்கும். பணக்காரருக்குச் சமமாக நிறுத்தாது.

இரண்டாவது கேள்விக்கு விடை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறது. லீட்ஸ் யுனைடெட் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. இனி ஆண்டுதோறும் அங்கே ஆடுவோம், பணம் வரும் என்று நம்பி, வரப்போகும் டிக்கெட் வசூலின் பேரில் கோடிக்கணக்கான பவுண்டு கடன் வாங்கியிருந்தார்கள். அதே 2001-ல் உள்நாட்டு லீகில் நான்காம் இடம். மூன்றாம் இடம் வரைதான் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. மூன்றாவதாக வந்த லிவர்பூலுக்கு 69 புள்ளி, லீட்சுக்கு 68. அந்த ஒரு புள்ளியில் கணக்கு சாய்ந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டனர். 2004-ல் முதல் நிலையிலிருந்து இறங்கினார்கள்; சொந்த அரங்கையும் விற்றார்கள்; 2007-ல் மூன்றாம் நிலை. மீண்டும் மேலே வர 2020 ஆயிற்று. கடனுக்குக் கையெழுத்திட்டவர்கள் விலகிச் சென்றார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பதினாறு ஆண்டுகளின் தோல்வியையும் டிக்கெட் வாங்கிச் சுமந்தவர்கள் அவர்களே.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்ததும் பொறியியல் படிக்க விரும்பினேன். தனியார் கல்லூரி ஒன்றில் இடம் இருப்பதாகவும், வீட்டை அடகு வைத்தால் நான்கு ஆண்டுக் கட்டணம் கட்டிவிடலாம் என்றும் உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அப்பா மறுத்தார். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து என்னை இங்கே சேர்த்தார். "நீ பாஸ் பண்ணாமப் போனாலும் நான் தூக்குற மூட்டையில இந்தக் கடனைக் கட்டிடுவேன். அதுக்கு மேல வாங்கினா பாரம் உன் தலைக்கு வந்துரும். பாரத்தோட படிக்க முடியாது தம்பி" என்றார். பொறியியல் ஆசை எனக்கு இன்றும் முழுதாக அகலவில்லை. அப்பா பயந்துவிட்டாரோ என்று சில இரவுகளில் தோன்றும். ஆனால் லீட்ஸ் வாங்கிய கடன், ஆண்டுதோறும் வென்றால் மட்டுமே அடைக்கக்கூடிய கடன். அப்பா வாங்கியது நான் தோற்றாலும் அடைபடும் கடன். இரண்டும் நம்பிக்கையின் பேரில் வாங்கியவைதாம். தோல்விக்கும் இடம் வைத்துக் கணக்கிட்டவர் பள்ளிக்கூடமே செல்லாத அப்பா. அந்தச் சிறு கடனில் நான் பட்டம் பெற முடிகிறது என்றால், அதற்கு இந்த அரசுக் கல்லூரி இருப்பதே காரணம். பணத்தைப் பார்த்து இடம் தராத ஆடுகளம் இது.

அத்தகைய ஆடுகளத்தை மூடிவிடச் சில கிளப்புகள் முயன்றதும் உண்டு. 2021 ஏப்ரல் 18 அன்று பன்னிரண்டு பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனிப்போட்டியை அறிவித்தன. தோற்றாலும் அவர்களுக்கு நிரந்தர இடம். மற்றவர்களுக்கு வாசல் குறுகல். இரண்டே நாளில் லண்டனில் செல்சி ரசிகர்கள் தம் சொந்த அரங்கின் முன்னேயே திரண்டு மறித்தார்கள். ஆறு இங்கிலீஷ் கிளப்புகளும் பின்வாங்கின. அந்த ரசிகர்கள் கணக்குக் கேட்டது எதிரிக் கிளப்பிடம் அன்று. தாம் உயிராக நேசித்த கிளப்பிடம்.

ஆகவே நடுவர் என்ற முறையில் என் தீர்ப்பு இது. பணம் பதினொரு பேரை வாங்கும். பந்தயத்தில் இடமும் வாங்கும். பல நேரம் கோப்பையும் வாங்கும். முப்பதில் ஒன்று என்ற கணக்கை மறைக்க முடியாது. ஆயின் இனி விடுதியில் வாதிட வரும் நண்பர்கள் முதலில் தத்தம் கிளப்பின் கணக்கோடு வரவேண்டும். வரும்படி எவ்வளவு, செயிக்காவிட்டால் கட்டுவது யார் என்ற இரண்டுக்கும் விடை சொன்ன பிறகே எதிரணியைக் கேள்வி கேட்கலாம். மாட்ரிட் நண்பருக்கும் இந்த விதி பொருந்தும். இட்லியை மட்டும் அவர் வழக்கம்போல் சாப்பிடட்டும்.