நாய் ஏன் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது?

தோட்டத்து வீட்டு நாய்க்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. ஆனாலும், வீட்டு நடப்பு அதற்கு அத்துப்படி. மண்வெட்டியை எடுத்தால் வயல், மஞ்சப்பையை எடுத்தால் சந்தை, ராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்தால் மோட்டார் போடப் போகிறார் என்று தெரிந்து, அவருக்கு முன்னாலேயே போய் நிற்கும். எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். சோறும் தண்ணீரும் மனிதர் கையில் இருப்பதால், மனிதரைக் கவனிப்பதே அதன் பிழைப்பு.

ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எடுக்க முடியாதபடி அடைத்துவைத்த இறைச்சியை, மனிதர் வளர்த்த ஓநாய்கள் தாமாகவே எடுக்கப் போராடிக்கொண்டிருந்தன. நாய்களோ சீக்கிரமே திரும்பி, மனிதரின் முகத்தைப் பார்த்தன. 'என்னால் ஆகவில்லை, நீ வா' என்பதுபோன்ற பார்வை அது.

வைக்கோல் போருக்குள் பாம்பு நுழைந்தாலும் இதேதான். நாய் குரைக்கும்; வீட்டுக்காரரைப் பார்க்கும்; மறுபடியும் வைக்கோலைப் பார்க்கும். சனியன் சும்மா கத்துகிறது என்று கல்லை எடுத்து விரட்டிவிட்டால், அது சொல்ல வந்தது போய்விடும். நாயின் கண் போகும் திசையைப் பார்த்த பிறகே வைக்கோலில் கை வைக்க வேண்டும்.

பாசமும் இதில் உண்டு. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாக ஜப்பானிய ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. கன்று முட்டும்போது பசு மடியில் பாலை இறக்குவதும் இதே ஹார்மோன்தான்.

ஆனால், எல்லாப் பார்வையும் பாசம் இல்லை. உடம்பு தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, வாலும் அசைந்தால் பயமில்லை. உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல் முறைத்தால் அது எச்சரிக்கை. சோற்றுத் தட்டின் மேலும், குட்டிகளின் பக்கத்திலும் நிற்கும் நாய் இப்படித்தான் பார்க்கும். அப்போது பதிலுக்கு முறைக்கக் கூடாது, ஓடவும் கூடாது. பார்வையைத் திருப்பி, மெதுவாக விலக வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்கள் பொறுப்பு. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று ஆளை அடையாளம் தெரியாததுபோல வெறித்து, எச்சில் ஒழுக, குரல் மாறிக் குரைத்தால் பக்கத்தில் போகாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கடித்துவிட்டால் சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். வெறிநோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஓர் ஊசி. ராப்பகலாக வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஜீவனுக்கு, வீடு செய்ய வேண்டியது இவ்வளவுதான்.